பனிமீன் வயித்துல சோறு

இத யாருக்கும் நிரூபிச்சுக் காட்டணும்னு எனக்கு ஆசையில்ல. நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க பக்கத்தத் திருப்பிட்டுப் போங்க. என் கையால அறுத்தேன், என் மூக்கால மோந்தேன். அன்னிக்குத் தொண்டையில ஏறின குமட்டல் இன்னும் முழுசா எறங்கல. போன வருசம் செப்டம்பர், புரட்டாசி அமாவாசை, ஞாயித்துக்கெழம. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சு பன்னண்டுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ராத்திரி இல்ல, மழை இல்ல, நாய் ஊளையிடல. வெளிய செகிஞ்சான் வெயில் மண்டையப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு.

என் பேரு தனுஜா. தஞ்சோங் காராங்ல வீடு. ஒரு பல்கலைக்கழகத்துல லேப் அசிஸ்டெண்ட். எந்தப் பல்கலைக்கழகம்னு கேக்காதீங்க, எனக்கு வேல வேணும். பக்கத்து மீன்பிடி ஊரு செகிஞ்சான்ல மீன் ஏத்தி வைக்கிற கோல்ட் ரூம் வரிசையா இருக்கும்ல, அதுல கடைசி ரூம எங்க ஆளுங்க வாடகைக்கு எடுத்திருக்காங்க. உள்ள இருக்குறது செகிஞ்சான் மீன் இல்ல. தென் துருவத்துல இருந்து கப்பல்ல வந்த சரக்கு.

கடல் மேல ஒறஞ்ச ஐஸ நீட்டு நீட்டா வெட்டி எடுத்தது ஒரு பக்கம். கடலுக்கு அடியில இருந்து குழாய் விட்டு எடுத்த சேறு ஒரு பக்கம். அந்தச் சேத்துக்குள்ள பனிப்பாறை எங்கிருந்தோ சுமந்துட்டு வந்து போட்ட கல்லுங்க இருக்கும், அதப் பொறுக்கி எண்ணி எழுதணும். ஐஸும் சரி, கல்லும் சரி, எனக்குப் பிடிச்ச வேல. வாடை கெடையாது, வழவழப்பு கெடையாது. மீனுதான் எனக்கு ஆகாது.

அதுலயும் இந்தப் பனிமீன். செதிலே கெடையாது. தோலு மேல மூக்குச்சளி பூசின மாதிரி ஒரு வழவழப்பு. வாய் நீட்டி, பல்லு வரிசையா. செவுளத் தூக்கிப் பாத்தா செவப்பா இருக்காது, பாலாடை நெறத்துல இருக்கும். ஏன்னா இதுங்க ரத்தத்துல செவப்பே கெடையாது. தண்ணியாட்டம் இருக்கும். அறுத்தா கத்தியில கற படாது, ஆனா ஏதோ ஒட்டும். சீ... எழுதும்போதே கைய கழுவணும் போல இருக்கு.

பனி கொறைய கொறைய இந்த மீனுங்க திங்கிற சாப்பாடு எப்படி மாறுதுன்னு ஒரு ஆராய்ச்சி. அதுக்கு மீன் வயித்த அறுத்து, உள்ள என்ன இருக்குன்னு பாத்து, எடை போட்டு எழுதணும். அந்த வேல என் தலையில. புரட்டாசி மாசம் நான் கவுச்சி தொட மாட்டேன். வீட்டுல முட்டைகூட ஒடைக்க மாட்டேன். வேலைக்கு வந்தா மீன் கொடல். என் பொழப்பப் பாத்தீங்களா.

அந்த மீனயெல்லாம் பிடிச்சவன் புனிதன். புக்கிட் ரோத்தான்காரன், தமிழ்ப்பள்ளியில என் வகுப்பு. அவன் பெரிய படிப்பு படிச்சு ஆராய்ச்சியாளர் ஆனான், எனக்கும் இந்த வேலைய வாங்கிக் குடுத்தான். அதே வருசம் சனவரியில வெளிநாட்டுக் கப்பல்ல தென் துருவம் போனான். பதினேழாம் தேதி, ஒறஞ்ச கடல் மேல ஓட்டை போட்டு மீன் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க. பனி வெடிச்சுது. மூணு பேரு ஓடி வந்துட்டாங்க. புனிதன் வரல. நாலு நாள் தேடினாங்க. ஒடம்பு கெடைக்கல.

அவங்க அம்மா பேரு அம்சவள்ளி. எஸ்டேட்டுல செம்பனை பழம் பொறுக்கியே ரெண்டு பிள்ளைங்கள வளத்தவங்க. ஒடம்பு வரலன்னா சாவும் இல்லன்னு சொல்லிட்டாங்க. படத்துக்கு மால போட விடல. கருமாதி பண்ண விடல. சொந்தக்காரங்க வந்து பேசிப் பாத்தாங்க. "ஒடம்பக் காட்டுங்க, நான் அழறேன்"னு ஒரே வார்த்த. எட்டு மாசமா அவன் கைப்பேசிய சார்ஜ்ல போட்டு வச்சிருந்தாங்க. நான் எப்பப் போனாலும் கேப்பாங்க, "ஏதாச்சும் தெரிஞ்சுதா தனு? இருக்கானா, இல்லையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்மா." பதில் சொல்ல முடியாம நான் போறதயே நிறுத்திட்டேன். கோழை நான், ஒத்துக்கிறேன்.

சரி, அந்த ஞாயித்துக்கெழம.

திங்கக்கெழம கணக்கு அனுப்பணும்னு பேராசிரியர் சொல்லிட்டாரு. அதனால லீவு நாள்ல போனேன். ஸ்டோர் பாத்துக்கிற மகேந்திரன் அண்ணன் கதவத் தொறந்து விட்டாரு. மீன் பெட்டி ஒண்ணே ஒண்ணு, முப்பத்தோரு மீன். கப்பல்ல போட்ட சீல் அப்படியே இருந்துச்சு. அவரு முன்னாலதான் நான் வெட்டினேன். ஒவ்வொரு மீனும் அலுமினியத் தாள்ல சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு, புனிதன் கையெழுத்துல சீட்டு. சனவரி 14, சனவரி 15... அந்தக் கிறுக்கல் எழுத்தப் பாத்ததும் கண்ணத் தொடச்சுக்கிட்டேன்.

"அழாத லா. வேலைய முடிச்சிட்டுச் சீக்கிரம் கெளம்பு," மகேந்திரன் அண்ணன் சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

அஞ்சு மீன எடுத்துக்கிட்டு முன் ரூமுக்கு வந்தேன். அங்க நாலு டிகிரி குளிர்தான். மேச, தராசு, கத்தி, தட்டு. உள் ரூம் கதவ இழுத்துப் பூட்டினேன். உள்ள மைனஸ் இருவத்திரெண்டு டிகிரி.

மணி 10.05. மொத மீன். வயித்துப் பைக்குள்ள சின்னச் சின்ன எறா, பாதி செரிச்சது, பழுப்புக் கூழு. அழுகின வாடை. வழக்கம் போலதான். மூச்ச அடக்கிக்கிட்டு எழுதினேன்.

மணி 10.40. ரெண்டாவது மீன். வயித்துப் பை பொடச்சுக்கிட்டு இருந்துச்சு. கத்தி வச்சதும் வெள்ளை வெள்ளையா பிதுங்கி வந்துச்சு. புழுன்னு நெனச்சேன். மீன் வயித்துல வெள்ளப் புழு சுருண்டு கெடக்குறது சகஜம். இடுக்கியால ஒண்ணு எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன்.

புழு இல்ல. சோறு.

வெந்த சோறு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத புழுங்கலரிசி. அதுமேல மஞ்சளா ஏதோ ஊறியிருந்துச்சு. ஒரு கருவேப்பல. அதுமேல மீனோட வழவழப்பு கோடு கோடா இழுத்துக்கிட்டு...

இடுக்கியக் கீழ வச்சேன். அப்புறம் கோவம் வந்துச்சு. யாரோ வெளயாடுறாங்க. செத்துப் போனவன் பிடிச்ச மீனுல வெளயாடுறாங்க.

கதவத் தொறந்து, "அண்ணே, இங்க வாங்க"ன்னு கத்தினேன். அவரு வந்தாரு. உள்ள கால் வைக்கல. மோந்து பாத்தாரு.

"யாரு இங்க சாம்பார் சாப்பிட்டது?"

"யாரும் சாப்பிடல."

"வாடை வருதே லா."

தட்டக் காட்டினேன். பாத்தாரு. சுவத்துல மாட்டியிருந்த, உள் ரூம் சூட்டக் கோடு போடுற அட்டையப் பாத்தாரு. சூலைல பெட்டி வந்ததுல இருந்து கோடு ஒரே நேரா போயிருந்துச்சு. ஒரு தடவகூட அந்த ரூம் சூடாகல. யாரும் தொறந்து வைக்கல. "எனக்கு இது ஒண்ணும் புரியல தனு"ன்னு சொல்லிட்டு, வெளிய அவரு நாக்காலிக்கே போயிட்டாரு.

நானும் அப்பவே போயிருக்கணும். ஏன் போகலன்னு இன்னிக்கும் தெரியல. புனிதன் எழுத்து அந்தச் சீட்டுல இருந்துச்சே, அதான்னு நெனக்கிறேன்.

மணி 11.10. மூணாவது மீன். உள்ள உருண்ட உருண்டையா, கண்ணாடி மாதிரி. மீன் முட்டன்னு நெனச்சேன். விரலால அமுக்கினேன். நசுங்கி, பாலு கசிஞ்சுது. ஏலக்கா வாடை. ஜவ்வரிசி. பாயாசம்... மீன் பித்தத்தோட கலந்து, பச்சையும் வெள்ளையுமா.

கையுற வழியா ஒரு சூடு தெரிஞ்சுது.

மீன் ஐஸ் கட்டி. முதுகு இன்னும் கல்லு மாதிரி. வயித்துக்குள்ள மட்டும் வெதுவெதுன்னு.

மணி 11.25. நாலாவது. வட. பாதி வட. அந்த மீன் கடிச்சுத் திங்காது. அப்படியே முழுங்கும். அந்த வடையில பல் தடம் இருந்துச்சு. வளஞ்ச தடம். முன் பல்லு நாலு.

மனுசப் பல்லு.

நான் எச்சி முழுங்கினேன். வாயெல்லாம் எண்ணெ வாடை.

அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. உள் ரூமுல இருந்து. நான் பூட்டின ரூம்.

சப்... சப்...

மெல்லுற சத்தம்.

ரூமக் குளிர வைக்கிற காத்தாடிச் சத்தம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். காத்தாடி மென்னு முழுங்காது.

சப்... சப்... சப்...

மணி 11.40. அஞ்சாவது மீன் தட்டுல இருந்துச்சு. என் கை தானா அறுத்துச்சு. வயித்துப் பையில ஒரே ஒரு கட்டி. செவப்பு.

இந்த மீனுக்குச் செவப்பு ரத்தமே கெடையாது. சொன்னேன்ல. ஆனா தட்டு பூரா செவப்புத் தண்ணி ஓடுச்சு. நார் நாரா ஒரு உருண்ட. எச்சியோட. சூடா.

தராசுல வச்சேன். ஒம்பது கிராம். "செவப்புச் சத, என்னன்னு தெரியல"ன்னு தாள்ல எழுதினேன். யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு.

சத்தம் நின்னுச்சு.

மணி 11.52.

உள்ள இருந்து...

ஒரு ஏப்பம்.

நீளமா. நெறஞ்ச வயிறு.

ஆம்பள ஏப்பம்.

நான் அங்கயே வாந்தி எடுத்தேன். மேச மேல, தாள் மேல, என் சட்ட மேல. தட்டுல இருந்தது எல்லாத்தயும் மஞ்சப் பையில கொட்டி, கழிவுத் தொட்டியில எறிஞ்சேன். படம் எடுக்கணும்னு தோணவே இல்ல. மகேந்திரன் அண்ணன்கூட ஒரு வார்த்த பேசாம காடிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் சன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு ஓட்டினேன். அந்த வாடை போகல.

சாயந்தரம் நாலு மணிக்குப் போன் வந்துச்சு. அம்சவள்ளி அம்மா. எட்டு மாசத்துல அப்படி ஒரு கொரல நான் கேட்டதில்ல. "தனு, ஒடனே வாம்மா. நல்ல சேதி."

போனேன். வாசல்லயே கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "பசியாறினியா? மொகம் ஏன் இப்படிச் செத்துக் கெடக்கு?" உள்ள இழுத்துட்டுப் போயி உக்கார வச்சாங்க. புனிதன் தங்கச்சி நித்தியா ஒரு மூலையில நின்னா. அவ கண்ணும் ஈரமா இருந்துச்சு.

"இன்னிக்கு ஒரு காரியம் பண்ணேன்," அம்மா சொன்னாங்க. "யாருகிட்டயும் சொல்லல. நித்தியாகூட தாத்தா பாட்டிக்குன்னுதான் நெனச்சா. சமச்சு, எல போட்டு, பின்னால தொவைக்கிற கல்லு மேல வச்சேன். மனசுக்குள்ள சொன்னேன். புனிதா, நீ உசுரோட இருந்தா இதத் தொடாத. போயிட்டன்னா வந்து தின்னுட்டுப் போ. காக்காவ அனுப்பு, நான் தெரிஞ்சுக்கிறேன்."

நான் நித்தியாவத் திரும்பிப் பாத்தேன்.

"பத்தரைக்கு வச்சேன். பன்னண்டு வரைக்கும் கதவுகிட்டயே நின்னேன். இங்க எத்தன காக்கா இருக்கு, உனக்குத் தெரியாதா? ஒண்ணு வரல தனு. எறும்புகூட ஏறல. வச்சது வச்ச மாதிரி இருந்துச்சு. எம்புள்ள தொடல. இருக்கான். எங்கயோ ஒரு தீவுல, ஒரு கப்பல்ல, இருக்கான்."

"என்னம்மா வச்சீங்க?" நான் கேட்டேன்.

"சோறு, சாம்பாரு. உளுந்து வட. ஜவ்வரிசிப் பாயாசம். வேற என்ன, அமாவாசைக்கு வைக்கிறதுதான்."

அவங்க சிரிச்சாங்க. எட்டு மாசம் கழிச்சு அந்தம்மா மொகத்துல சிரிப்பு. நான் என்ன சொல்றது? அவன் வந்தான்மா, தின்னான்மா, ஏப்பம் விட்டான்மான்னு சொல்றதா?

"ஆமாம்மா," நான் சொன்னேன். "இருப்பான்."

அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் பேராசிரியருக்குப் போன் போட்டுக் காச்சல்னு சொன்னேன். வியாழக்கெழம வரைக்கும் தவணை குடுத்தாரு. செவ்வாக்கெழமல இருந்து திரும்ப வேல. இந்தத் தடவ மகேந்திரன் அண்ணன்கிட்ட அம்மா எல போட்டது வரைக்கும் எல்லாத்தயும் சொல்லி, பக்கத்துலயே உக்கார வச்சேன். மிச்சம் இருவத்தாறு மீன். ஒண்ணொண்ணா அறுத்தேன். எல்லாம் காலி. ஒண்ணு ரெண்டு காலியா இருக்கும், அது நடக்கும். இருவத்தாறும் காலி. ஒரு எறாத் தலகூட இல்ல. வயித்துப் பை சுருங்கி, முதுகோட ஒட்டி, உள்பக்கம் யாரோ வழிச்சு எடுத்த மாதிரி சிராஞ்சு கெடந்துச்சு.

வியாழக்கெழம காலை 11.10. கடைசி மீன். உள் ரூமுல இருந்து சத்தம். மெல்லுற சத்தம் இல்ல.

சர்க்... சர்க்...

வெறும் எலய விரலால வழிக்கிற சத்தம். அப்புறம் நக்குற சத்தம்.

மகேந்திரன் அண்ணனும் கேட்டாரு. அவரு எந்திரிச்சு நின்னாரு. "அவன் அம்மாகிட்டப் போயி சொல்லிடு தனு. இதுக்கு மேல உள்ள வச்சிருக்காத." அன்னிக்குச் சாயந்தரம் அவரு வேல மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டாரு.

எனக்கு இன்னும் மூணு நாள் ஆச்சு, தைரியம் வர. ஞாயித்துக்கெழம காலையில போனேன். அம்மா ஒரு பையத் தூக்கிட்டு வந்து காட்டினாங்க. தீபாவளிக்குப் புனிதனுக்கு எடுத்த சட்ட. நீலக் கட்டம். "அளவு சரியா இருக்குமா? எளச்சிருப்பான்ல."

நான் சொல்லிட்டேன். அழுதுக்கிட்டே எல்லாத்தயும் சொன்னேன். சோறு, பாயாசம், பல் தடம், ஏப்பம். காலி வயிறு, வழிச்சு நக்குற சத்தம். அவங்க மொகம் கல்லாப் போச்சு.

"பொய்," அவங்க சொன்னாங்க. "நான் என்ன சமச்சேன்னு போன வாரம் நாந்தான் உன்கிட்ட சொன்னேன். அதயே திருப்பிச் சொல்ற. உன்ன யாரு அனுப்பினா? எம்புள்ளக்கிக் காரியம் பண்ண வைக்கணும், அதானே?"

"இல்லம்மா. நீங்க சொல்றதுக்கு முன்னாலயே..."

"எந்திரிச்சுப் போ."

நான் எந்திரிச்சேன். கதவுகிட்ட வந்ததும், ஏன்னு தெரியல, வாயில வந்துச்சு. "கடைசி மீனுல இருந்தது மட்டும் என்னன்னு எனக்குப் புரியலம்மா. செவப்பா ஒரு உருண்ட. நாரு நாரா, எச்சியோட இருந்துச்சு. அந்த மீனுக்குச் செவப்பு ரத்தமே இல்ல. சதன்னு எழுதிட்டேன்."

அம்மா கையில இருந்த சட்ட கீழ விழுந்துச்சு.

அப்புறம் அவங்க பேசினது நித்தியாகிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல.

"நான் வெத்தல போட்டா பக்கத்துல வந்து உக்காந்துக்குவான். ரெண்டு வயசு. என் வாயில மென்னத எடுத்துக் குடுக்கணும், இல்லாட்டி அழுவான். அமாவாசை அன்னிக்கு இவ குளிக்கப் போயிட்டா. யாரும் பாக்கல. வாயில இருந்தத எடுத்து, எல ஓரத்துல வச்சேன். அசிங்கம்தான்... யாருகிட்டயும் சொல்லல."

நித்தியா வாயப் பொத்திக்கிட்டு அழுதா. "எனக்கே தெரியாதேம்மா."

அம்சவள்ளி அம்மா அழல. சட்டைய எடுத்து மடிச்சு நாக்காலி மேல வச்சாங்க. மேசைக்குப் பக்கத்துல சார்ஜ்ல இருந்த கைப்பேசியக் கழட்டினாங்க. "பண்டாரத்துக்குப் போன் போடு நித்தியா. காரியத்துக்கு நாள் பாக்கச் சொல்லு." அப்புறம் அடுப்படிக்குப் போயி அரிசி டின்னத் தொறந்தாங்க. ரெண்டு படி அளந்து கழுவப் போட்டாங்க. நான் உதவிக்குப் போனேன்.

அவங்க திரும்பி என்னப் பாத்தாங்க.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லடி," அவங்க சொன்னாங்க. "ஏழு நாளா எம்புள்ளயப் பட்டினி போட்டுட்டியே."